மீன் தொட்டிக்கு அடியில் ஒரு குளம்

தென் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் வரமாட்டார்கள். அந்த இடத்தில்தான் 1871இல் பெரியதொரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. பிரைட்டன் கடற்கரையிலிருந்து ரயிலில் கடல்நீர் வந்து இறங்கியது. மக்கள் பார்த்த கண்ணாடித் தொட்டிகளில் இருந்த தண்ணீர் சுமார் 20,000 கேலன். அவர்கள் காலடியில், இருட்டான தேக்கத்தில் 1,00,000 கேலன். லிட்டரில் சொன்னால் மேலே 90,000, கீழே நாலரை லட்சம்.

இதை அமைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட். நீராவி இயந்திரம் தண்ணீரை மேலே ஏற்ற, தொட்டிகளில் வழிந்தது மறுபடி கீழே இறங்கியது. ஒரு தொட்டியில் நீர் கெட்டாலும் பெருந்தேக்கத்தில் கலந்து அதன் வீரியம் குறைந்துவிடும். வெளிச்சம் படாததால் பாசி பெருகாது. சூடும் குளிரும் சட்டென்று மாறாது.

இன்று வீட்டு மீன் தொட்டியின் அடியில், அலமாரிக்குள் வைக்கிற 'சம்ப்' இதே யோசனைதான். கிழக்கு லண்டனில் என் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது. கதவைத் திறந்தால் மூன்று அறைகளாகத் தடுத்த சின்னக் கண்ணாடித் தொட்டி.

மேல்தொட்டியின் மூலையில் சீப்புப்பல் போல வெட்டிய தடுப்பு இருக்கிறது. ஏரி நிறைந்தால் உபரி நீர் கலிங்கு வழியே போகுமே, வன்னியில் 'குளம் வான் பாயுது' என்பார்களே, அதே ஏற்பாடு. பம்ப் எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவுதான் வழியும். ஆகவே மேலே நீர்மட்டம் மாறுவதில்லை. மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் வழியும் நீரோடு போய்விடும்.

குழாயில் இறங்கும் நீர் முதல் அறையில் துணிப்பையில் விழுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அங்கே தங்கும். இரண்டாவது அறையில் பஞ்சும் செராமிக் வளையங்களும். மீன்கள் செவுள் வழியே விடும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சு. வளையங்களின் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது 1890 வாக்கில். லாயிட் தேக்கம் கட்டியதோ அதற்கும் இருபது வருடம் முன்பு! சேரும் நைட்ரேட்டைக் குறைக்க மட்டும், அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும்.

கடைசித் தடுப்புகளில் குமிழிகள் அடங்கி, மூன்றாவது அறையில் இருக்கும் ஹீட்டரைத் தொட்டுக்கொண்டு, நீர் பம்ப் வழியே மேலேறுகிறது. தண்ணீர் ஆவியாகிக் குறைவது இந்த அறையில்தான் தெரியும். வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பம்ப் காற்றை இழுத்துக் கருகிவிடும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி, கரண்ட் போனால்? தொட்டியை ஓடவிட்ட முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பம்ப் நின்றதும் மேலேறிய குழாயே சைஃபனாக மாறி, தண்ணீரைக் கீழே இழுத்தது. சம்பில் மட்டம் விரல் விரலாக ஏறியது. விளிம்புக்கு நான்கு விரல் இருக்கும்போது, 'ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சி நின்றது. குழாயின் வாயருகே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நான் போட்டிருந்த சிறு துளைதான் காத்தது. மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்தது. துளையில் பாசி அடைத்தால் இந்தக் காவல் போய்விடும். சம்பை ஒருபோதும் விளிம்புவரை நிரப்பவும் கூடாது.

பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். அதில் கலந்த குளோரின், வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டி நீரையே வாளியில் எடுத்து அலசினால் போதும்.

லாயிட் மேலே ஒரு பங்கு வைத்தால் கீழே ஐந்து பங்கு வைத்தார். நம் அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. மேலே 240 லிட்டருக்குக் கீழே 80 லிட்டர்தான் எனக்கும் முடிந்தது. ஆனாலும் மீன் வாங்கப் போகும் நண்பர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முன்கண்ணாடியைப் பார்த்து மயங்குவதற்கு முன், குனிந்து அலமாரிக் கதவைத் திறந்து பாருங்கள். மீன் பிழைப்பது அங்கேதான் முடிவாகிறது.