கணையத்தில் கல்!

பழைய மகாபலிபுரம் சாலையில் போகிறவர்களுக்குச் சிறுசேரியைத் தெரியும். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த ஊர். அங்கே சிப்காட் வளாகத்தில் சர்க்கரை வியாதியை ஆராயும் கூடம் ஒன்றும் இருக்கிறது. 'மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன்' என்ற நிறுவனத்தைச் சேர்ந்தது அது.

அந்த நிறுவனத்தின் தலைவர் டாக்டர் வி. மோகன். அவர் நெடுங்காலமாக ஆராய்ந்த ஒரு விசித்திர வியாதி உண்டு.

தொந்தி பெருத்தவர்களுக்குத்தான் சர்க்கரை வியாதி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இதுவோ எலும்பும் தோலுமான இளம் வயதினருக்கு வருவது!

முதலில் வலி

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். உணவைச் செரிக்கும் நீரும், சர்க்கரையை அடக்கும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. அந்தக் கணையத்தில் கல் உண்டாகிறது.

சிறு வயதிலேயே வயிற்று வலி வரும். முதுகு வரை பாயும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். மலம் எண்ணெய்ப் பசையாகப் போகும். உடம்பு இளைக்கும். சில வருஷங்களில் சர்க்கரையும் வந்து சேரும். எக்ஸ்ரே எடுத்தால் கல் வெள்ளையாகத் தெரியும்.

1960களில் கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகள் பலரைப் பார்த்தார். அன்று அவர்களில் பலர் முதுமையைக் காணவில்லை. மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி விழுந்தது. கிழங்கைத் தொடாதவர்களுக்கும் வியாதி வந்தது. பாவம், கிழங்கு! பரம்பரைக் கூறும் ஒரு காரணம் என்று பின்னால் தெரிந்தது.

மாறிய கணக்கு

1996இல் டாக்டர் மோகனும் குழுவினரும் 370 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். முதல் வலி வந்து 35 வருஷங்கள் ஆன பிறகும் 100க்கு 80 பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அது காட்டியது!

இறந்தவர்களில் அதிகம் பேரைக் கொன்றது எது? கல் அல்ல. சர்க்கரையால் கெட்டுப்போன சிறுநீரகம்!

ஆகவே சர்க்கரையை அடக்குவதுதான் முதல் வேலை. பெரும்பாலோருக்கு இன்சுலின் ஊசி வேண்டும். சாப்பாட்டோடு செரிமான மாத்திரையும் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்துவிடும்.

மேல்நாடுகளில் 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்ற பரம்பரை வியாதி அதிகம். கெட்டியான சளி நுரையீரலையும் கணையத்தையும் அடைத்துவிடுகிறது. அவர்களுக்கும் சர்க்கரை வரும். வந்தால் எடை குறையும், மூச்சும் தளரும். சர்க்கரையை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து இன்சுலின் கொடுக்கத் தொடங்கிய பின், அங்கும் சாவு குறைந்திருக்கிறது.

வயிறு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்லும் ஒல்லிப் பிள்ளை வீட்டில் இருந்தால், பூச்சி மருந்து கொடுத்துச் சும்மா இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் வசதி அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறது.