வருகிறேன் என்று சொன்ன வீடு



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடுகின்றன. மடுவுக்கோ தலவிலவுக்கோ நேர்த்தி வைத்து, ஒரு வாடகை வானைப் பேசி, சட்டி பானை பாயுடன் புறப்படும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அப்படிப் போகின்ற வழியில் எங்கோ உங்கள் உடன்பிறப்பு ஒருவரின் வீடு இருக்கும். புதிதாகக் கட்டிய வீடு. “கட்டாயம் வருகிறோம்” என்று நீங்கள் சொல்லிப் பல காலம் ஆகியிருக்கும். அந்த வீட்டின் படியை நீங்கள் இன்னும் மிதிக்கவில்லையென்றால், ஏன் என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தூரம், செலவு, பிள்ளைகளின் பரீட்சை என்று பதில் வரும். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொன்றும் கிடக்கலாம். என் விடயத்தில் கிடந்தது.

தொடக்கநூலில் யாக்கோபும் ஏசாவும் மீண்டும் சந்திக்கும் பகுதியைத் திருப்பலியிலும் தியானங்களிலும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அண்ணனுக்குரிய ஆசியைத் தந்திரமாகப் பெற்றுக்கொண்டு ஓடிப்போன தம்பி, 20 ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புகிறான். அண்ணன் 400 பேருடன் எதிரே வருகிறான் என்று கேள்விப்பட்டதும் அவனை அச்சம் பிடித்துக்கொள்கிறது. ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று தெரிந்தெடுத்துத் தனக்கு முன்னே அன்பளிப்பாக அனுப்பி வைக்கிறான். வெள்ளாடுகள் மட்டும் 220. ஏசாவோ அவற்றைப் பொருட்படுத்தாமல் ஓடிவந்து தம்பியைக் கட்டித் தழுவுகிறான். இருவரும் அழுகிறார்கள். பெரும்பாலான மறையுரைகளில் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் அடுத்த வரிகளையும் வாசித்துப் பாருங்கள் (தொ.நூ. 33:12-17). ஏசா தம்பியைத் தன்னுடன் வரும்படி அழைக்கிறான். பிள்ளைகள் சிறியவர்கள், மந்தைகள் களைத்துவிடும், நீங்கள் முன்னே செல்லுங்கள், நான் மெல்ல மெல்லச் சேயிருக்கு வந்து சேருகிறேன் என்று யாக்கோபு சொல்கிறான். பிள்ளைகளைச் சாட்டுச் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது! ஏசா அதை நம்பிப் போய்விடுகிறான். யாக்கோபு சேயிருக்குப் போகவில்லை. சுக்கோத்துக்குத் திரும்பி அங்கே தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கிறான். அண்ணனின் வீட்டுக்கு அவன் என்றேனும் போனதாகத் திருநூலில் எங்கும் எழுதப்படவில்லை. இருவரையும் நாம் அடுத்தபடியாக ஒன்றாகக் காண்பது, தந்தை ஈசாக்கை அடக்கம் செய்யும் இடத்தில்தான் (35:29).

சாவீட்டில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் உடன்பிறப்புகள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கின்றோம்!

எங்கள் ஊர் மட்டக்களப்பு. எங்கள் பக்கத்தில் தாய் வீடு வழிவழியாகப் பெண்பிள்ளைக்கே உரியது. மணமகன்தான் மணமகளின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆனால் என் ஒரே தங்கை மணந்தது மன்னார்த் தீவைச் சேர்ந்த ஓர் ஆசிரியரை. அம்மா இறந்தபின் அவருக்குச் சொந்த ஊரிலேயே இடமாற்றம் கிடைத்தது. புறப்படும் நாளில் தங்கை வீட்டுத் திறப்பை என் கையில் தந்து, “பூட்டிக் கிடந்தால் பாழாகிவிடும் அண்ணா, நீங்களே இருங்கள்” என்றாள். அவளுக்குரிய பெறுமதியைப் பணமாகத் தந்துவிடுகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். முதலாம் ஆண்டு கூரையைத் திருத்த வேண்டியிருந்தது. மறு ஆண்டு வேறொரு செலவு வந்தது. அதன்பின் அவள் கேட்கவுமில்லை, நான் பேசவுமில்லை. அவள் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம், நான் அவளுடைய வீட்டில் அம்மாவின் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்து பத்திரிகை வாசித்தேன்.

பின்னர் அவர்கள் கடன் பெற்றுச் சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டினார்கள். பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரிக்கும் நாளுக்கு எங்களை அழைத்தார்கள். மகனுக்குப் பரீட்சை என்று சொன்னேன். பரீட்சை இருந்தது உண்மை. ஆனால் அது அடுத்த வாரம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கடந்த விடுமுறையில் மடுவுக்குப் போவதென்று தீர்மானித்தபோது, “மடுவரைக்கும் போய் மன்னாருக்குப் போகாமல் திரும்பினால், மாதாவின் முன் எந்த முகத்தோடு நிற்பது?” என்று என் மனைவி கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சேமிப்பிலிருந்து ஒரு தொகையை எடுத்து உறையில் இட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். நான் கொடுக்க வேண்டியதில் அது பாதிகூட இல்லை.

மட்டக்களப்பிலிருந்து மன்னார் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு நாட்டை ஊடறுத்துப் போகும் வழி. விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டு வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி எனக் கடந்து பொலன்னறுவைக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. போர்க்காலத்தில் இதே வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஹபரணைக் காட்டோரத்தில் யானை தெரிகிறதா என்பதிலேயே அவர்கள் கண்ணாக இருந்தார்கள். என் மனைவியின் மடியில் இரண்டு தயிர்ச்சட்டிகள். தங்கை வேறெதையும் கேட்கவில்லை, ஊர்த் தயிர் மட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மதவாச்சியில் மன்னார் வீதிக்குத் திரும்பும்போது ஒரு சட்டி சரிந்து சேலையெல்லாம் தயிராயிற்று. மிஞ்சிய சட்டியை அவர் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு வந்தார்.

மடுவில் தங்கையும் அத்தானின் நிலையிலுள்ள அவள் கணவரும் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். எங்களை வழியிலேயே எதிர்கொண்டு அழைத்துப்போக வேண்டுமென்று அவள் பிடிவாதமாக நின்றாளாம். வயதில் இளையவரானாலும் ஆசிரியர் என்பதால் அவரை நான் மரியாதையாகவே அழைப்பேன். திருத்தலத்து மரங்களில் ஒன்றைக் காட்டி, “இந்தப் பக்கம்தான் எங்கள் கூடாரம் இருந்தது” என்று அவர் என் மகனிடம் சொன்னார். 1990களில் போரால் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மடு வளாகமே புகலிடமாக இருந்ததை நீங்கள் அறிவீர்கள். அவருடைய பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதி அந்தத் தறப்பாளுக்குக் கீழே கழிந்திருக்கிறது. சொந்த வீடொன்றை அவர் ஏன் அத்தனை அவசரமாகக் கட்டினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடன்பட்டுக் கட்டுவது வீண் பிடிவாதம் என்று முன்பொருமுறை என் மனைவியிடம் குறைகூறியிருந்தேன். அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

மடு அன்னையும் இடம்பெயர்ந்து வந்தவரே. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் அத்திருச்சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் வந்ததாக நம் முன்னோர் சொல்லி வந்துள்ளனர். 2008ஆம் ஆண்டில் போர் நெருங்கியபோது சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதே ஆண்டில் மீண்டும் மடுவுக்குத் திரும்பியது. மடுவின் ஆடித் திருவிழா ஏன் ஜூலை 2ஆம் திகதியில் வருகிறது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: 1969ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்துக்கு முன், மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த விழாவைத் திருச்சபை கொண்டாடிய நாள் அது. இப்போது அவ்விழா மே 31க்கு மாறியிருந்தாலும், மடு தன் நாளை மாற்றிக்கொள்ளவில்லை. உறவினர் வீட்டுக்கு மலைநாடு கடந்து விரைந்து போய், ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்த ஒரு தாயின் பயணமே அந்தத் திருவிழாவின் அடியில் இருக்கிறது. யாக்கோபு சாக்குச் சொன்ன இடத்தில் மரியாள் நடந்து போனார். அவரும் அப்போது கருவுற்றிருந்தார். சாக்குச் சொல்ல அவருக்கும் காரணம் இருந்தது.

முருங்கன் கடந்து, பாலம் ஏறித் தீவுக்குள் நுழைந்து, பேசாலைப் பக்கமாகச் சென்று அவர்கள் வீட்டை அடையும்போது பிற்பகலாகிவிட்டது. படலைக்கு முன்னால் நின்ற கழுதைகளைக் கண்டு என் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். வீட்டுக்கு வெளிப்பூச்சு இல்லை. பின்பக்கத்து ஜன்னல் ஒன்றுக்குக் கதவுக்குப் பதிலாகத் தகரம் அடித்திருந்தது. சோளகக் காற்றில் அது விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிய வீட்டுக்குள் நுழைந்ததும் நம் கண் தரையோட்டையும் கூரையையும் அளக்கத் தொடங்கிவிடுகிறது. குசினியை இந்தப் பக்கம் வைத்திருக்கலாமே என்று வாய் சொல்லிவிடுகிறது. கட்டியவர்கள் ஒவ்வொரு பை சீமெந்துக்கும் எதை ஈடுவைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். சாப்பாட்டு மேசையில், “மொத்தம் எவ்வளவு முடிந்தது?” என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். வங்கிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும் என்பதையும் சொன்னார். அவருடைய குரலில் குற்றச்சாட்டின் சாயல் சிறிதுமில்லை. ஆனால் நான் கொடுக்காமல் விட்ட தொகை அந்தச் சுவர்களின் வெளிப்பூச்சுக்கும் ஜன்னல்களுக்கும் போதுமானது என்று என் மனம் தானாகவே கணக்குப் பார்த்துவிட்டது. தட்டிலிருந்த நண்டுக் கறியை அதன்பின் என்னால் உண்ண முடியவில்லை.

இரவு செபமாலை முடிந்தபின் தங்கை எங்களை உள்ளறை ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். வீட்டில் முழுமையாக முடிந்திருந்தவை இரண்டே அறைகள். அவற்றில் ஒன்று அது. சுவருக்கு நிறம் பூசியிருந்தார்கள். இரண்டு கட்டில்கள், மெத்தைகள். மெத்தைகளின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. அவளுடைய சிறிய மகள்தான் விடயத்தைப் போட்டுடைத்தாள்: “இது மட்டக்களப்பு மாமா ஆக்களின் அறை. நாங்கள் இதில் படுக்கக் கூடாது.” வீடு மந்திரித்த நாளுக்கு முன்னரே எங்களுக்காக வாங்கிப் போட்ட மெத்தைகள் அவை. இரண்டு ஆண்டுகளாக அவர்கள் நால்வரும் மற்ற அறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

சேயிரில் ஏசா தம்பிக்காக இடம் ஒதுக்கி வைத்திருந்தானா என்று திருநூல் சொல்லவில்லை. வழியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருந்தான் என்றும் சொல்லவில்லை. அந்த இரவு நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எங்கள் பிள்ளைகள் புரண்டபோதெல்லாம் பொலித்தீன் சரசரத்தது.

மறுநாள் காலையில் உறையை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் தொடவில்லை. “இப்போது எதற்கு அண்ணா? உங்களுக்கும் பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது” என்றாள். ஒரு கணம், அப்படியே பைக்குள் திரும்ப வைத்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது என்பதை உங்களிடம் ஒளிக்க மாட்டேன். உடன்பிறப்பு வேண்டாம் என்று சொல்வது பெருந்தன்மை. அதைப் பிடித்துக்கொண்டு நாம் தப்பித்துக்கொள்வது வேறு. ஏசாவும் தன்னிடம் போதிய அளவு இருக்கிறது என்றுதான் மறுத்தான். யாக்கோபிடம் எத்தனை குறை இருந்தாலும், அண்ணன் ஏற்றுக்கொள்ளும்வரை விடாமல் வற்புறுத்தினான் என்பதைத் திருநூல் எழுதி வைத்திருக்கிறது (33:9-11). நானும் வற்புறுத்தினேன். “இது உன்னுடையது. இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, அதையும் கொண்டு வருவேன்” என்றேன். அவள் உறையை வாங்கி மாதாவின் சொரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அம்மாவின் வீட்டைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான். அதற்குமேல் அன்று எங்கள் இருவராலும் முடியவில்லை.

மூன்று நாட்கள் தங்கினோம். நானும் அவள் கணவரும் பின்ஜன்னலுக்கு ஒரு கதவைச் செய்வித்துப் பொருத்தினோம். காற்றுக்குத் தகரம் அடிக்கும் ஓசை நின்றது. பிள்ளைகள் நால்வரும் அந்த இரண்டு மெத்தைகளையும் நிலத்தில் ஒன்றாக இழுத்துப் போட்டுக் குதித்ததில் பொலித்தீன் உறை கிழிந்து கழன்றுவிட்டது.

நாங்கள் புறப்பட்ட காலையில் தங்கை பனங்கிழங்கும் கருவாடும் கட்டித் தந்தாள். வான் புறப்படும் நேரத்தில் மீண்டும் ஓடிவந்து, நான்காக மடித்த பொலித்தீனை ஜன்னலூடாக என் மனைவியின் கையில் திணித்தாள்.

“அடுத்தமுறை தயிர்ச்சட்டி கொண்டுவரும்போது மடியில் விரித்துக்கொள்ளுங்கள் மச்சாள்.”