முகத்துக்குள் வழி காட்டும் கம்ப்யூட்டர்

கண்ணுக்குக் கீழே விரலை வைத்து மெல்லத் தடவிப் பாருங்கள். கெட்டியான எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும். அதற்குப் பின்னால், கண்ணைத் தாங்கி நிற்கும் எலும்புத் தளமோ அப்பளம் மாதிரி மெல்லியது. கிரிக்கெட் பந்து வேகமாகப் பட்டாலோ, ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாலோ, விளிம்பு தப்பித்துக்கொண்டாலும் இந்த அப்பளம் நொறுங்கிவிடக்கூடும்.

சின்ன விரிசல் என்றால் தானே ஆறிவிடும். பெரிதாக உடைந்தால், கண் குழி விழும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று. "அக்கா, படி இறங்கவே பயமா இருக்கு. எந்தப் படி நிஜம்னே தெரியலை" என்றாள். "கம்ப்யூட்டர் வச்சு ஆபரேஷன்" என்று டாக்டர் சொன்னதும் வீடே கலங்கிவிட்டது. "மெஷினா கத்தி பிடிக்கப் போறது?" என்று கேட்டார் மாமியார். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கத்தி பிடிப்பது டாக்டர்தான். கம்ப்யூட்டர் வழி காட்டுகிறது, அவ்வளவே.

வழி ஏன் வேண்டும்?

தழும்பு தெரியாமலிருக்க, பெரும்பாலும் கீழ் இமையின் உட்புறமாகத்தான் கீறுகிறார்கள். இடமோ குறுகல். ஆழத்தில் பார்வை நரம்பு. கண்குழியின் கொள்ளளவு 1 கன சென்டிமீட்டர் கூடினாலே, கண் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் உள்வாங்கிவிடும். 2 மில்லிமீட்டர் என்றால் பார்க்கிறவர்களுக்கே தெரியும். குத்துமதிப்பாகச் செய்கிற வேலையா இது?

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் சி.டி. ஸ்கேன். 1971-ல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுத்தார்களே, அதன் வளர்ச்சிதான். முகத்தை மெல்லிய வில்லைகளாக நறுக்கினாற்போல் படமெடுத்து, அவற்றை அடுக்கிக் கம்ப்யூட்டர் முழு உருவமாக்கும். பிறகு, அடிபடாத பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, உடைந்த பக்கத்தின்மேல் பொருத்தும். ரவிக்கையின் ஒரு கை கிழிந்தால் மறு கையை வைத்து அளவெடுப்போமே, அதே கணக்கு!

மயக்கம் கொடுத்தபின், நோயாளியின் தலையில் அசையாதபடி ஒரு சின்னச் சட்டம் பொருத்துகிறார்கள். அதில் பளபளக்கும் குட்டிக் குண்டுகள். டாக்டர் கையிலுள்ள கம்பியிலும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு காமிரா இவற்றைக் கவனித்தபடி இருக்கும். கம்பி நுனி எங்கே இருக்கிறதென்று திரையில் தெரியும். தளத்தில் டைட்டானியம் வலையை வைத்ததும், தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கலாம்.

இதிலும் 1, 2 மில்லிமீட்டர் பிசகு உண்டு. சட்டம் அசைந்தால் கணக்கே தப்பும். சாதாரண மூக்கெலும்பு முறிவுக்கெல்லாம் இது வேண்டியதில்லை. ஆகவே, "கம்ப்யூட்டர் இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், "எங்களுக்கு இது அவசியமா? இந்த ஆபரேஷனை நீங்க அடிக்கடி செய்யறீங்களா?" என்றும் கேளுங்கள்.

ஆபரேஷன் ஆனதும் இரட்டைப் பார்வை மறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். சில வாரமோ, மாதங்களோ ஆகலாம். டாக்டர் சரி என்னும்வரை மூக்கைச் சிந்தவும் கூடாது. காற்று ஏறிக் கண்ணைச் சுற்றி வீங்கும்.

தாய்மார்கள் கவனத்துக்கு

குழந்தைகளின் எலும்பு வளையும். உடைந்த தளம் கதவு மாதிரித் திறந்து மூடி, கண் தசையைக் கவ்விக்கொள்ளும். வெளியே சிவப்போ வீக்கமோ அதிகம் இருக்காது. ஆனால், குழந்தை மேலே பார்க்க முடியாமல் தவிக்கும், வாந்தி எடுக்கும். வயிற்றுக் கோளாறு என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். தசை கெட்டுப்போகுமுன் விடுவித்தாக வேண்டும். இழந்த நேரத்தை எந்தக் கம்ப்யூட்டரும் மீட்டுத் தராது.