பீர் குழாய்க்குச் சொந்தமாய் ஒரு கைப்பிடி

அமெரிக்க மதுக்கூடங்களில் பீர் குழாய் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கைப்பிடி நிமிர்ந்து நிற்கும். முன்னால் இழுத்தால் பீர் வரும், பின்னால் தள்ளினால் நிற்கும். 1933-இல் அங்கே மதுவிலக்கு நீங்கிய பிறகு, குழாயில் வருவது எந்த பீர் என்று குடிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று சட்டங்கள் வந்தன. உருண்டைக் குமிழில் பெயரை எழுதி வைத்தார்கள். அதுவே போகப்போக விளம்பரமாகி, ஒன்றரைச் சாண் உயரச் சிற்பமாக வளர்ந்துவிட்டது.

வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்து ஜிம்மி கார்ட்டர் 1978-இல் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வீட்டு பீருக்குக் கம்பெனிக் கைப்பிடி ஏது? உடைந்த பேஸ்பால் மட்டை, ஹாக்கி மட்டையின் துண்டு, துருப்பிடித்த ஸ்பேனர், மான்கொம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டிப் பார்க்கிறார்கள். முதன்முதலாகச் செய்பவருக்கு மேப்பிள், ஓக் போன்ற கெட்டி மரத்துண்டே நல்லது.

எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் செதுக்கலாம், வேலை முழுவதும் அடியில் போடும் துளையில்தான் இருக்கிறது. அமெரிக்கக் குழாய்களின் நெம்புகோல் நுனியில் 3/8 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 16 சுற்று உள்ள ஆண் மரை இருக்கும். கைப்பிடிக்குள் அதற்கேற்ற பெண் மரை வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 10 மி.மீ. மரை பார்வைக்கு அதுபோலவே இருக்கும். ஆனால் பொருந்தாது.

மரத்திலேயே மரை வெட்டினால் நாளடைவில் தேய்ந்து ஆட்டம் காணும். வெளியிலும் உள்ளும் மரை வெட்டிய பித்தளைக் குழல் ஒன்றை மரத்துக்குள் இறக்குவதே வழி. கடையில் ‘த்ரெடட் இன்செர்ட்’ என்று கேட்டால் தருவார்கள். அந்தக் குழலின் உறையில் சொல்லியிருக்கும் அளவுக்கே துளையிடுங்கள். துளை ஒரு நூல் சாய்ந்தாலும் கைப்பிடி கோணிக்கொண்டு நிற்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே டிரில்லை இறக்குங்கள். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, அதன் நுனியில் குழலை மாட்டி ஸ்பேனரால் திருகினால் நேராக இறங்கும். துளை மரத்தின் நார் வாக்கில் போவதால் பிடிப்பு குறைவு. திருகும் முன் சுற்றிலும் கொஞ்சம் எப்பாக்ஸி பசை தடவுங்கள். உள்மரையில் பசை ஒட்டினால் தொலைந்தது. கைப்பிடியின் அடிப்பாகம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் மரம் பிளக்கக்கூடும்.

அடுத்தது எடை. பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். தலைகனத்த கைப்பிடி தன் பாரத்தாலேயே முன்னால் சாயும், குழாய் மெல்லத் திறந்துகொள்ளும். வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் வைத்திருக்கும் சிறு பீப்பாய் பெரும்பாலும் 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். இரவு முழுக்கச் சொட்டினால் காலையில் தரையெல்லாம் பீர். மேல்பாகத்தை மெல்லியதாகச் செதுக்குங்கள். கனமான ஸ்பேனரைத்தான் மாட்டுவேன் என்பவர்கள், விட்டதும் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்கைக் குழாயில் பொருத்திக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் இருந்தால் அகலத்தையும் பாருங்கள்; ஒன்றை இழுக்கும்போது விரல் இன்னொன்றில் இடிக்கக்கூடாது.

மற்றதெல்லாம் எளிது. உப்புத்தாளால் தேய்த்து, பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு மூன்று முறை பூசினால் போதும். ஈரக்கை படும் பொருள் என்பதால் அடிப்பக்கத்தையும் துளை விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். மாட்டி இறுக்கும்போது பெயர் எழுதிய முகம் சுவரைப் பார்த்து நின்றால், கைப்பிடிக்குக் கீழே ஒரு மெல்லிய நட்டைப் போட்டு, முகத்தை முன்பக்கம் திருப்பி, நட்டை மேலேற்றி இறுக்கிவிடுங்கள்.

மரத்தைத் தேடும் முன் உங்கள் குழாயின் மரையை அளந்து பாருங்கள். அமெரிக்கக் குழாய் அல்லாதவற்றில் இந்த அளவு மாறலாம்.