தெருவும் குடிமையும் – 7: வீட்டு வாசலிலிருந்து தெருமுனைத் தொட்டி வரை

நகரத் துப்புரவு குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உயர்ந்து நிற்கும் குப்பைமேடுகளையும், அவற்றை நோக்கிச் செல்லும் லாரிகளையும் சுற்றியே அமைகின்றன; ஆயினும் ஒரு தெரு தூய்மையாக இருக்குமா, நாறிக் கிடக்குமா என்பது அதற்கு வெகு முன்பே, வீட்டு வாசலுக்கும் தெருமுனைத் தொட்டிக்கும் இடையிலுள்ள சில நூறு அடி தூரத்திலேயே முடிவாகிவிடுகிறது. வீடுகளில் சேரும் குப்பையைத் தொட்டிவரை கொண்டு சேர்ப்பதை முதல்நிலைச் சேகரிப்பு என்றும், தொட்டியிலிருந்து அதை அள்ளிக் கிடங்கிற்கு எடுத்துச் செல்வதை இரண்டாம்நிலைச் சேகரிப்பு என்றும் கழிவு மேலாண்மைத் துறையினர் குறிப்பிடுவர். இந்திய நகராட்சிகள் நெடுங்காலம் இரண்டாவதையே தம் கடமையாகக் கருதி, முதலாவதை வீட்டாரின் பொறுப்பில் விட்டிருந்தன. அவ்வாறு விடப்பட்ட அந்த இடைவெளியைக் குடியிருப்போர் தாமே முன்வந்து நிரப்ப முயன்றதில் சென்னைக்குக் குறிப்பிடத்தக்க வரலாறு உண்டு. அந்த முயற்சி எதனால் வென்றது, எங்கே தளர்ந்தது என்பதை ஆராய்வதே இவ்வாரப் பகுதியின் நோக்கம்.

1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 32.8 லட்சமாக இருந்த சென்னை நகரின் மக்கள்தொகை, 1991இல் சுமார் 38.4 லட்சமாக உயர்ந்தது. அதே காலத்தில் மஞ்சள் பையும் மந்தாரை இலையும் செய்துவந்த வேலையைப் பாலித்தீன் பை எடுத்துக்கொண்டதால், குப்பையின் அளவோடு அதன் தன்மையும் மாறியது. நகரம் இதற்கு வைத்திருந்த ஏற்பாடு, தெருமுனையில் நிறுத்தப்பட்ட சிமெண்ட் உறைத்தொட்டி. வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை பெரும்பாலும் சிறுவர்களிடமோ வீட்டுவேலை செய்யும் பெண்களிடமோ விடப்பட்டது. தொட்டியின் விளிம்பு எட்டாதவர்களும், நாற்றத்துக்கு அஞ்சி அருகே செல்லத் தயங்கியவர்களும் சற்று தூரத்திலேயே குப்பையை வீசிவிட்டுத் திரும்பினர். காகிதமும் பாட்டிலும் தேடி வந்தோர் உள்ளே இருந்ததை வெளியே இழுத்துப் போட, மாடும் நாயும் மீதியைத் தெரு முழுக்கப் பரப்பின. லாரி வரும்போது தொட்டி பாதி காலியாகவும் அதைச் சுற்றிய தரை குப்பையாகவும் இருந்தமைக்கு இதுவே காரணம். தத்தம் வீட்டைக் கழுவிக் கோலமிட்டு வைத்திருந்த தெருவாசிகளில் எவரும், வாசற்படிக்கு வெளியே இருந்த அந்த இடத்தைத் தம்முடையதாக எண்ணவில்லை.

இச்சூழலில் 1989ஆம் ஆண்டு, வங்கியாளரான எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா என்னும் அமைப்பைத் தொடங்கினார். சிறந்த, புதுமையான, அடிப்படை மாற்றம் தரும் கருத்துகளை நடைமுறைக்குக் கொண்டுவருவதே அதன் குறிக்கோள் என்பதால், அவற்றைக் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் அமைந்தது. அந்த இயக்கத்தின் ஆணிவேராக விளங்கியது, தெரு அளவில் அமைந்த சிவிக் எக்ஸ்னோரா எனப்படும் குடிமைக் கிளை. ஒரு தெருவிலோ அடுத்தடுத்த இரண்டு மூன்று தெருக்களிலோ வசிக்கும் ஏறத்தாழ நூறு குடும்பங்கள் கூடி, தமக்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தேர்ந்து, வீட்டுக்கு மாதம் பத்து இருபது ரூபாய் என்ற அளவில் பணம் திரட்டி, ஒரு மூன்று சக்கர வண்டியை வாங்கி, அதை ஓட்ட ஒருவரை அமர்த்துவதே இதன் எளிய வடிவம்.

அந்த வண்டியின் ஒரு காலைப்பொழுதை உற்று நோக்கினால் ஏற்பாட்டின் நுட்பம் புலப்படும். பால் பாக்கெட் வந்து, பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குச் சமையல் நடக்கும் வேளையில் தெருமுனையில் விசில் சத்தம் கேட்கும். அதுவே வாளியை வாசலுக்குக் கொண்டுவருவதற்கான அறிவிப்பு. வண்டிக்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, பால் கவர், செய்தித்தாள், பிளாஸ்டிக் டப்பா, தகரம் முதலியவற்றைத் தனியே ஒரு சாக்கில் போட்டுக்கொள்வார். சாக்கில் சேர்ந்தது காயலான் கடைக்குச் சென்று அவருடைய மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு வருமானமாகும். எஞ்சியது மாநகராட்சியின் பெருந்தொட்டிக்குச் செல்லும். பல தெருக்களில் இப்பணிக்கு அமர்த்தப்பட்டவர்கள், அதுவரை அதே தெருமுனையில் தொட்டியைக் கிளறிப் பிழைத்தவர்களே ஆவர். அவர்களுக்குத் தெருவை அழகுபடுத்துவோர் என்ற பொருளில் ஒரு பெயரும், சீருடையும், வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசும் வாய்ப்பும் கிடைத்தன.

சில ஆண்டுகளுக்குள் இம்முறை நகரின் நூற்றுக்கணக்கான தெருக்களுக்குப் பரவியதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, அளவின் சிறுமை: நூறு வீடுகள் கொண்ட ஒரு குழுவில் பணம் கொடுத்தவர் யார், ஜன்னல் வழியே குப்பையை வீசுபவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், அபராதத்தால் சாதிக்க முடியாததை அண்டை வீட்டாரின் பார்வை சாதித்தது. இரண்டாவது, வாசலுக்கே வண்டி வந்ததால் தெருத்தொட்டிக்குத் தேவை குறைந்தது. தொட்டியை அகற்றி, அது நின்ற இடத்தில் செடி வைத்த தெருக்களில் குப்பை கொட்டும் பழக்கம் தன்னாலேயே அற்றுப்போயிற்று. மூன்றாவது, இது ஆண்டுக்கொரு முறை துடைப்பம் ஏந்தும் விழாவாக நின்றுவிடாமல், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நடைபெறும் பணியாக அமைந்தது. தன்னார்வம் என்பதற்குச் சிரமதானம் என்ற பொருளையே கண்டிருந்த காலத்தில், தொடர்ச்சியாக நடத்திக்காட்டும் நிர்வாகமும் தன்னார்வமே என்பதை இத்தெருக்கள் மெய்ப்பித்தன.

நகருக்கு வெளியே பம்மலில் இவ்வியக்கம் மேலும் ஒரு படி முன்னேறியது. 1990களின் நடுப்பகுதியில் அங்குள்ள சங்கரா நகரில் மங்களம் பாலசுப்ரமணியன் உள்ளிட்ட சில பெண்கள் ஒன்றுகூடி, குப்பையை வாசலில் பெறுவதோடு நிறுத்தாமல், சமையலறைக் கழிவை மண்புழு உரமாக்கும் வேலையையும் தொடங்கினர். மக்கும் குப்பை எனப்படும் காய்கறித் தோல், மிஞ்சிய உணவு, இலைதழை ஆகியவையே இந்திய வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதியாக இருப்பதால், அதை ஊருக்குள்ளேயே உரமாக்கினால் வெளியே செல்ல வேண்டிய சுமை பெருமளவு குறையும் என்பதே இதன் அடிப்படைக் கணக்கு. மும்பையிலும் இதையொத்த எண்ணம் 1997இல் மாநகராட்சியின் திட்டமாகவே வடிவம் பெற்றது; அங்கு குடியிருப்போர் குழுக்கள் வார்டு அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, தம் பகுதிக்கெனக் குறிக்கப்பட்ட அலுவலரோடு இணைந்து பணியாற்றின.

எனினும் சென்னை அனுபவத்தின் பலவீனங்களையும் மறைக்காமல் பதிவு செய்வது அவசியம். மாதச் சந்தா தர இயன்ற நடுத்தர வர்க்கத் தெருக்களில் வேரூன்றிய இம்முறை, குறுகிய சந்துகளும் குறைந்த வருமானமும் கொண்ட குடிசைப் பகுதிகளில் அதே அளவு பரவவில்லை. வண்டி ஓட்டியவரின் ஊதியம் தெருவாசிகளின் சந்தாவையே நம்பியிருந்ததால், இரண்டு வீடுகள் பணம் தர மறுத்தாலும் அவருடைய வீட்டு அடுப்புதான் முதலில் பாதிக்கப்பட்டது; வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு போன்ற பாதுகாப்புகள் பெரும்பாலோருக்கு எட்டவே இல்லை. தலைமுறைகளாகப் பட்டியல் சாதியினர் மீதே சுமத்தப்பட்டுவந்த ஒரு வேலைக்குச் சீருடையும் புதிய பெயரும் ஓரளவு மதிப்பைத் தந்தனவாயினும், சட்ட வழியிலான உரிமையை அவை தரவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, முதல்நிலைச் சேகரிப்பு எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், மாநகராட்சி லாரி இரண்டு நாள் வராவிட்டால் தெருவாசிகள் திரட்டிய குப்பை முழுவதும் பெருந்தொட்டியைச் சுற்றியே குவிந்தது.

தெருக்குழுக்களுக்கும் மாநகராட்சிக்கும் இடையிலான உறவு 2000ஆம் ஆண்டு வேறொரு திருப்பத்தைச் சந்தித்தது. அன்று பத்து மண்டலங்களாக இருந்த சென்னையில் மூன்று மண்டலங்களின் துப்புரவுப் பணி, பிரெஞ்சுக் குழுமம் ஒன்றைச் சேர்ந்த ஓனிக்ஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் அளிக்கப்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் கட்டணம், அள்ளப்படும் குப்பையின் எடைக்கேற்ப டன் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. எடை கூடினால் வருமானம் கூடும் என்ற இந்த அமைப்பில், வீட்டிலேயே தரம் பிரித்து உரமாக்கி எடையைக் குறைக்கும் தெருவுக்கு ஒப்பந்ததாரரிடம் எந்த மதிப்பும் இருக்க இயலாது. புதிய வாகனங்களும் சீருடைப் பணியாளரும் தெருவில் தென்படத் தொடங்கியதும், வரி கட்டும் தாம் தனியே சந்தாவும் ஏன் தர வேண்டும் என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. கேள்வி நியாயமானதே, ஆனால் சந்தா நின்றபோது வண்டி மட்டுமின்றி, அந்த வண்டியைச் சுற்றி உருவாகியிருந்த தெருக்குழுவும் கலைந்தது என்பதே இழப்பு. பின்னர் வந்த ஒப்பந்தங்களில் எடைக்கு மாற்றாகச் செயல்பாட்டு அளவுகோல்கள் இடம்பெற்றபோதிலும், கலைந்த குழுக்கள் அவற்றால் மீண்டும் கூடிவிடவில்லை.

சட்டமோ இதே காலத்தில் குடியிருப்போரை நோக்கி நெருங்கி வந்தது. அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளியாயின. வீட்டுக்கு வீடு சேகரிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்பது அவற்றில் தெளிவாயிற்று. அவற்றுக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உருவாக்கும் ஒவ்வொருவரும் அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்றன. பழைய மின்கலம், பூச்சிமருந்து டப்பா, காலாவதியான மருந்து போன்றவை மூன்றாவது வகையில் அடங்கின. குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அவ்விதிகளில் நேரடிப் பொறுப்பு வரையறுக்கப்பட்டது.

பிரித்தல் ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது என்பதற்குச் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு போதுமான சான்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஆண்டுக்கணக்கில் கலப்புக் குப்பை கொட்டப்பட்ட இக்கிடங்கில், காற்றின்றி அழுகும் ஈரக் கழிவிலிருந்து மீத்தேன் என்னும் தீப்பற்றும் வாயு வெளியாகிறது. கழிவில் ஊறி வடியும் கரிய கசிவுநீர் மண்ணிலும் நீரிலும் இறங்குகிறது. 2022 ஏப்ரலில் அங்குப் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்து, சுற்றுப்புற மக்களை மூச்சுத் திணறச் செய்தது. அதே ஆண்டில்தான் அச்சதுப்பு நிலம் ராம்சார் தகுதி, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ஏற்பைப் பெற்றது. பறவைகள் வலசை வரும் நீர்நிலையையும் எரியும் குப்பையையும் அருகருகே வைத்தவை, நகரத்தின் சமையலறைகளில் பிரிக்கப்படாத வாளிகளே.

இவ்வரலாறு தரும் முடிவு தெளிவானது. குப்பையை அள்ளுவதும் கொண்டுசெல்வதும் பதப்படுத்துவதும் வரி பெறும் மாநகராட்சியின் கடமை. அதற்கான பணியாளருக்கு உரிய ஊதியமும் பாதுகாப்பும் தருவதும் அதன் கடமையே. தெருவாசிகளின் தன்னார்வம் அந்தக் கடமையைத் தம் தோளில் ஏற்றுக்கொள்வதற்கும், தூய்மைப் பணியாளரின் வேலையை ஒருநாள் நடித்துக் காட்டுவதற்கும் உரியதன்று. ஒவ்வொரு வீட்டிலும் குப்பை பிரிக்கப்படுவதை உறுதிசெய்வது, வண்டி வராத நாளைக் குறித்துவைத்து வார்டு அலுவலகத்தில் கேட்பது, வாசலுக்கு வரும் பணியாளருக்குக் கையுறையும் ஊதியமும் முறையாகக் கிடைக்கின்றனவா என்று விசாரிப்பது ஆகிய மூன்றுமே தெருக்குழுவால் மட்டும் செய்யத்தக்கவை. எந்த ஒப்பந்தமும் இவற்றை விலைக்கு வாங்கித் தராது. தத்தம் தெருவில் அத்தகைய குழு இல்லாதவர்கள், பத்து வீடுகளையேனும் இந்த மாதத்துக்குள் கூட்டி அதைத் தொடங்க வேண்டும்.

(தொடரும்)