கருவியின் நுனிக்கும் தொடு உணர்வு

ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்போர் நன்கு அறிவர்: கனிந்த பழம் மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிடும், காய் எளிதில் வராது. வயிற்றைத் திறந்து அறுவை செய்யும் மருத்துவரும் அவ்வாறே விரலால் அறிகிறார். எது மென்மையான குடல், எது கெட்டியான கட்டி, தையல் நூலை எவ்வளவு இறுக்கலாம் என்பவற்றை அவருக்கு உணர்த்துவது தொடு உணர்வே.

நுண்துளை அறுவையில் நிலை வேறு. இந்தியாவில் 1990ஆம் ஆண்டு மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவர் தெஹெம்டன் உத்வாடியா இம்முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். காயம் சிறிது, வலி குறைவு, விரைவில் வேலைக்குத் திரும்பலாம். ஆயினும் மருத்துவரின் விரல் உள்ளே செல்வதில்லை. நீண்ட கருவி துளைக்குழாயில் உரசுவதால், நுனியில் உண்டாகும் விசை அவர் கைக்குச் சரியாக எட்டுவதில்லை. ரோபோ வழி அறுவையில் பெரும்பாலும் அதுவும் இல்லை. திசு நீள்வதையும் வெளிறுவதையும் திரையில் கண்டே விசையை மதிப்பிடுகிறார்.

இக்குறையைப் போக்கவே கருவியில் விசை உணரிகள் பொருத்தப்படுகின்றன. ஒருவகையில், வளையும்போது மின்தடை மாறும் மெல்லிய தகடு பயன்படுகிறது. மற்றொன்றில், முடியளவு மெல்லிய ஒளியிழை நுனி வரை செல்கிறது. அது சற்றே நீண்டாலும் திரும்பிவரும் ஒளியின் அலைநீளம் மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு விசையைக் கணக்கிடலாம். உணரி நுனிக்கு அருகில் இருத்தல் வேண்டும். ஈரத்தையும் கிருமி நீக்கும் வெப்பத்தையும் தாங்க வேண்டும். இப்பணியின் கடினம் இதுவே.

இதயத் துடிப்புக் கோளாற்றைச் சீராக்கும் வடிகுழாய்களில் இவ்வசதி முன்பே வந்துவிட்டது. அழுத்தம் குறைந்தால் சிகிச்சை நிறைவுறாது; மிகுந்தால் இதயச் சுவர் துளைபடலாம். விசையை உணரும் வடிகுழாய்களுக்கு அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. விசையை மருத்துவரின் கைக்கு உணர்த்தும் டா வின்சி 5 ரோபோவுக்கு 2024இல் அங்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் தொடு உணர்வு ஆய்வகமும் இத்துறையில் ஆய்வு செய்து வருகிறது.

எனினும் பெரும்பாலான நுண்துளை அறுவைகள் இன்றும் உணரியில்லாக் கருவிகளாலேயே நடைபெறுகின்றன. பயிற்சி பெற்ற கண்ணும் கையும் அக்குறையை ஈடுசெய்கின்றன. எனவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அரிதாக, குடலில் ஏற்பட்ட சிறு காயம் அன்றே தெரியாமல் சில நாட்கள் கழித்து வெளிப்படலாம். வீடு திரும்பிய பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். வலி கூடினாலோ, காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிற்று உப்பல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ உடனே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் இறங்க வேண்டுமே என்று விடியும்வரை காத்திராதீர்கள்; 108 ஐ அழையுங்கள். அறுவைக்குப் பின் உடல் சொல்வதை முதலில் அறிபவர் நீங்களும் உங்கள் குடும்பத்தினருமே.