ஓவியக் கண்ணும் ஆடும் உடலும்

இருபதாம் நூற்றாண்டின் இந்திய ஆடல் வரலாற்றில் உதய சங்கரின் இடம் சற்று விசித்திரமானது. மேலை நாடுகளில் இந்திய நடனத்தின் முகமாகவே அறியப்பட்ட அவர், 1923இல் லண்டனின் பெரிய அரங்கொன்றில் ஆடியபோது எந்த நட்டுவனாரிடமும் முறையாக நடனம் பயின்றிருக்கவில்லை. அவர் முறையாகக் கற்றிருந்தது ஓவியம். பரதநாட்டியம், கதகளி போன்ற மரபு வடிவங்களின் வழியே வராமல், தாளில் கோடு இழுத்துப் பழகிய கையையும் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணையும் கொண்டு ஓர் இளைஞர் தமக்கென்று ஓர் ஆடலைச் செய்துகொண்டது எவ்வாறு என்ற கேள்விக்கு விடை அவருடைய ஓவியக் கல்வியில்தான் இருக்கிறது.

1900ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று ராஜஸ்தானத்தின் உதய்பூரில் வங்காளிக் குடும்பமொன்றில் பிறந்த உதய சங்கரின் இளமைக் காலம், தாயின் ஊரான காசிப்பூர் வட்டாரத்து நசரத்பூரில் பெரும்பாலும் கழிந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மாதாதீன் என்னும் ஆட்டக்காரரைச் சிறுவயதில் பார்த்துப் பார்த்து அவர் ஆடலில் ஈடுபாடு கொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். எனினும் குடும்பம் அவருக்கு வகுத்த வழி ஓவியமாக இருந்தது. 1918இல் பம்பாயின் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும், 1920இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் சேர்ந்தார்.

லண்டன் கல்லூரியின் தலைவராக அப்போது இருந்தவர் வில்லியம் ராத்தன்ஸ்டைன். தாகூரின் நெருங்கிய நண்பரும், ஆங்கில கீதாஞ்சலி யாருக்குப் படைக்கப்பட்டதோ அவருமான இந்த ஓவியர், ஐரோப்பிய பாணியில் வரைந்துகொண்டிருந்த மாணவரை இந்தியக் கலையின் பக்கம் திருப்பி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்று அங்குள்ள இந்தியக் கலைப்பொருள்களை ஊன்றிக் கற்கும்படி ஊக்கினார். தம் நாட்டுச் சிற்பத்தைப் பிற நாட்டு அருங்காட்சியகத்தில் கண்டெடுக்க நேர்ந்தது அக்காலத்து இந்தியக் கலைஞர் பலருக்கும் நேர்ந்த வேடிக்கைதான். ஆனால் உதய சங்கருக்கு அது நடனப் பாடமாகவும் அமைந்துவிட்டது. இந்தியச் சிற்பங்களில் மிகுதியாகக் காணப்படும் நிலை திரிபங்கம், அதாவது தலை ஒரு பக்கமும், மார்பு எதிர்ப் பக்கமும், இடுப்பு மீண்டும் முதற்பக்கமுமாக உடல் மூன்றிடத்தில் வளைந்து நிற்கும் நிலை. இதை வரைய முயலும் மாணவன், எடை எந்தக் காலில் நிற்கிறது, எந்தத் தோள் தாழ்கிறது, வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவற்றைக் கண்டறிந்தாக வேண்டும். கண்டறிந்தவன் அந்த நிலைக்கு முன்னும் பின்னும் உடல் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டால், அசையாத சிலை அவன் மனத்தில் அசையத் தொடங்கிவிடும்.

இந்தத் தொடர்பு புதியதன்று. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் படிமக்கலை கற்க விரும்பும் வஜ்ரன் என்னும் அரசனுக்கு மார்க்கண்டேய முனிவர், அதற்கு ஓவிய இலக்கணம் தெரிய வேண்டும், ஓவியத்துக்கு நடன இலக்கணம் தெரிய வேண்டும், நடனத்துக்கு இசை தெரிய வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படி இறக்கிக்கொண்டே போகிறார். அந்நூல் நடனத்திலிருந்து ஓவியத்துக்குக் காட்டிய ஏணியில் உதய சங்கர் எதிர்த் திசையில் நடந்தார் எனலாம்.

ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா இந்தியக் கருப்பொருளில் இரண்டு நடனங்களை அமைக்க எண்ணியிருந்த வேளையில், லண்டனில் தந்தை நடத்திய நிகழ்ச்சிகளில் ஆடிவந்த இந்த மாணவரைப் பற்றி அறிந்தார். 'ராதா கிருஷ்ணன்', 'இந்துத் திருமணம்' என்னும் அவ்விரு நடனங்களையும் உதய சங்கர் அமைத்துக் கொடுக்க, 1923 செப்டம்பரில் கோவென்ட் கார்டன் அரங்கில் பாவ்லோவா ராதையாகவும் இருபத்திரண்டு வயது உதய சங்கர் கண்ணனாகவும் ஆடினர். பின்னர் அவர் அக்குழுவோடு அமெரிக்கா சென்றார். நல்ல ஓவியர் ஒருவரை இழந்துவிட்டதாக ராத்தன்ஸ்டைன் வருந்தினார். ஆனால் அந்த ஓவியர் எங்கும் போய்விடவில்லை. தாளை விட்டு மேடைக்கு இடம் மாறியிருந்தார், அவ்வளவே.

பாரிஸில் சில ஆண்டுகள் சிறு அரங்குகளில் ஆடிக் காலம் தள்ளியபின், சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனரின் துணையுடன் 1930இல் இந்தியா முழுவதும் சுற்றி, எல்லோரா போன்ற இடங்களின் சிற்பங்களையும் பல வட்டார ஆடல்களையும் நேரில் கண்டார். 1931 மார்ச்சில் பாரிஸில் அவருடைய குழு அரங்கேறியபோது, அதில் பத்து வயதுத் தம்பி ரவி சங்கரும் இருந்தார். 'இந்திர'னாக உதய சங்கர் ஆடிய நடனத்தில், தோளில் எழும் அலை முழங்கையையும் மணிக்கட்டையும் கடந்து விரல் நுனியில் அடங்க, அதே கணத்தில் மறு கையில் அடுத்த அலை எழும். முத்திரைகளால் சொல்லைச் சொல்லாகப் பொருள்படுத்துவதற்கு மாறாக, உடலின் புறக்கோட்டையே பார்ப்பவரின் கண் தொடர்ந்து செல்லும்படி செய்த உத்தி இது. மேடையில் ஒளி விழும் முறை, ஆடைகளின் நிறச் சேர்க்கை, ஆடுவோர் நிற்கும் இடம் ஆகிய அனைத்தையும் அவர் சட்டமிட்ட படமொன்றின் உறுப்புகளைப் போல அமைத்தார்.

இந்த முறையின் குறையும் இதிலேயே இருந்தது. நட்டுவ மரபில் வந்தவருக்கு ஓர் அடவு தலைமுறைகள் திருத்திய சொத்து. உதய சங்கருடைய அசைவுகளோ அவருடைய உடலோடு பிறந்தவை என்பதால் பிறருக்கு எளிதில் கைமாற்றித் தரக்கூடியவை அல்ல. பாவ்லோவாவின் தூண்டுதலால் இந்திய நடனத்தின் பக்கம் திரும்பிய மற்றொருவரான ருக்மிணி தேவி அருண்டேல், 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கி இலக்கணத்தின் வழியைத் தேர்ந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். உதய சங்கர் இக்குறையை உணர்ந்திருந்தார் என்றே கருத வேண்டும். இமயத்து அல்மோராவில் அவர் நிறுவிய கலை மையத்தில் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியையும், மணிப்புரிக்கு அமோபி சிங்கையும், பரதநாட்டியத்துக்குப் பாலசரஸ்வதியின் ஆசானான கந்தப்ப பிள்ளையையும் ஆசிரியர்களாக அமர்த்தினார்.

உதய சங்கர் ஓவியரும் ஆடற்கலைஞருமே தவிர, கவிதை எழுதியவர் அல்லர். அவருடைய படைப்புக்குள் அது வேறொருவர் மூலம் நுழைந்தது. அல்மோராவுக்கு அருகே கௌசானியில், அவர் பிறந்த அதே 1900இல் பிறந்த இந்திக் கவிஞர் சுமித்ரானந்தன் பந்த், அகவுணர்வையும் இயற்கையையும் முன்வைத்த 'சாயாவாதம்' என்னும் கவிதை இயக்கத்தின் தூண்களில் ஒருவர். 1968இல் இவருக்கு ஞானபீட விருதைப் பெற்றுத் தந்த தொகுப்பின் பெயர் 'சிதம்பரா' என்பது தமிழர் காதில் தனியாக ஒலிக்கும். அல்மோரா மையத்தோடு தொடர்புகொண்டிருந்த பந்த், உதய சங்கர் இயக்கிய ஒரே முழுநீளத் திரைப்படமான 'கல்பனா'வுக்குப் பாடல்கள் எழுதினார்.

கையிருப்புக் கரைந்து 1940களின் நடுவில் மையம் மூடப்பட்டபின், அங்கே செய்ய எண்ணியதையெல்லாம் உதய சங்கர் அந்தப் படத்தில் செய்து பார்த்தார். படப்பிடிப்பு சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் நடந்தது. பின்னாளில் புகழ்பெற்ற பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் இதில்தான். கலை மையம் ஒன்றை உருவாக்கக் கனவு காணும் உதயன் என்பவனின் கதையைப் பட முதலாளி ஒருவருக்கு ஓர் எழுத்தாளர் படித்துக் காட்டுவதாகவும், முதலாளி அதை ஏற்க மறுப்பதாகவும் 'கல்பனா' அமைந்திருக்கிறது. நிழலும் ஒளியும் மோதும் காட்சிகளில், இயந்திரத்தின் பற்சக்கரங்களைப் போல மனித உடல்கள் அசைவதைக் காணும்போது, கேமராவுக்குப் பின்னால் நடன ஆசிரியரைவிட ஓவியரே நிற்பதாகத் தோன்றும். 1948இல் வெளியான படம் வசூலில் தோற்றது.

மீட்டெடுக்கப்பட்ட அதன் பிரதி 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. படத்தில் உமாவாக நடித்தவரும் உதய சங்கரின் மனைவியுமான அமலா சங்கர், 92 வயதில் அங்கே நேரில் வந்திருந்தார். நடனக் கலைஞராக அறியப்பட்ட அவர் ஓவியமும் தீட்டியவர்; அதற்குத் தூரிகையை அவர் நாடவில்லை, விரல்களும் நகங்களுமே போதுமானவையாக இருந்தன.